பெயர்ப்பலகையும் பெருவிரல் ரேகையும்

ஒரு ராக் குழுவைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு உறுத்தும். உறுத்தட்டும். 'சுயம்', 'வேர்', 'நகல்' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நம் விமர்சகர்கள் வெகு காலமாகக் கவிதைக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சொற்கள் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்க, நமக்கு லாப நஷ்டம் இல்லாத ஏதாவது ஒன்றை அவற்றின் மேல் ஏற்றிப் பார்ப்பது நல்லது. பம்பாய்க் குழு ஒன்று இதற்கு வசதியாக அகப்பட்டது. அவர்களில் எவரும் என் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதப் போவதில்லை; நானும் அவர்களுக்கு முன்னுரை எழுதியவனில்லை.

பெயர் மாற்றம் பற்றிப் பேச எனக்கு உள்ள யோக்யதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தபோது அரியலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2001-ல் அரியலூரே ஒரு மாவட்டமாயிற்று. பள்ளி நோட்டுகளில் லேபிளைக் கிழித்துப் புதிது ஒட்டினேன். 2002-ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். லேபிளின் மேல் லேபிள். 2007-ல் மறுபடியும் அரியலூர். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று மாவட்டங்களில் ஐந்து தவணைகளாக வாழ்ந்திருக்கிறேன். இப்போது குடியிருப்பது பெரம்பலூரில், வேலை அரியலூரில். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆகவே தினமும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் போய், ரயில் உள்ள ஊரில் இறங்கி, எங்கும் போகாமல் கவுன்ட்டரில் உட்காருகிறேன். 2020-ல் வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைந்தபோது எங்கள் பெயர்ப்பலகையும் இறங்கிற்று. மின்விசிறியின் சத்தமும் நானும் பழைய இடத்திலேயே இருந்தோம்.

அந்தக் குழுவை எனக்கு அறிமுகம் செய்தவர், ஓய்வு பெற்றுப் போன என் மேலதிகாரி ஒருவர். வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பதவி உயர்வு கொடுத்து எண்பதுகளின் கடைசியில் அவரைப் பம்பாய்க்குத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கடைசி நாளன்று எல்லோருக்கும் மிக்சர் பொட்டலம் கொடுத்தவர், எனக்கு மட்டும் இரண்டு காஸெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்றின் மேல் ராக் மெஷின் என்றிருந்தது. மற்றதன் மேல் இண்டஸ் க்ரீட். "ரெண்டும் ஒரே ஆளுங்கதான் தம்பி. ஆனா ஒரே ஆளுங்க இல்ல" என்றார். இதைவிடச் சுருக்கமான இசை விமர்சனத்தை நான் படித்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களுக்கான உரை.

ராக் மெஷின் பம்பாயில் 1984-ல் ஆரம்பமானது. அன்றைய பம்பாய் ராக் மேடையின் தர்மம், வெளிநாட்டுப் பாட்டை இசைத்தட்டில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவது. எவ்வளவு பிசகாமல் வாசிக்கிறானோ அவ்வளவு பெரிய கலைஞன். நம் ஊர்த் திருவிழாவில் சினிமாப் பாட்டை 'அச்சு அசலாக'ப் பாடும் மெல்லிசைக் குழுவுக்கும் அதற்கும் தத்துவார்த்த வித்தியாசம் எதுவும் இல்லை. டிக்கெட் விலையில்தான் வித்தியாசம். இந்தக் குழுவினர் ஒரு கட்டத்தில் நகல் வாசிப்பதை விட்டுவிட்டுத் தங்கள் பாட்டுகளை மட்டுமே பாடுவது என்று தீர்மானித்தார்கள். கேட்க வந்தவர்கள் தெரிந்த பாட்டைக் கேட்டுக் கூச்சலிடும் இடத்தில் இது சின்ன தைரியம் அல்ல.

1988-ல் முதல் தொகுப்பு, 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்'. ரெனிகேட் என்றால் கட்சி மாறியவன். 1990-ல் இரண்டாவது, 'தி செகண்ட் கமிங்', இரண்டாம் வருகை. பி.ஏ. ஆங்கிலம் படித்த எவனுக்கும் யேட்ஸ் நினைவுக்கு வந்து முதுகு நிமிரும். இரண்டாவது ஆல்பம் என்பதால் இரண்டாம் வருகை என்று வைத்திருப்பார்களோ என்று தோன்றியதும் முதுகு பழைய நிலைக்குத் திரும்பும். 1995-ல் 'இண்டஸ் க்ரீட்'. க்ரீட் என்பதற்குப் பாதிரிமார் தமிழில் விசுவாசப் பிரமாணம் என்று பெயர். ஆக, சிந்துநதியின் விசுவாசப் பிரமாணம். சிந்துநதியின் பெரும்பகுதி பாகிஸ்தானில் ஓடுகிறது என்பதைக் குழுவில் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2012-ல் 'இவால்வ்', பரிணாமம் கொள். கட்சி மாறியவன், இரண்டாம் வருகை, விசுவாசப் பிரமாணம், பரிணாமம்: தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் ஒரு தமிழக அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றுக்கு அத்தியாயப் பெயர்கள் தயார்.

உருவத்துக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் உலக ராக்கின் சீருடை எதுவோ அதுவேதான் இவர்களுடையதும்: நீண்ட முடி, தோல்சட்டை, இறுக்கமான கால்சட்டை. தோல்சட்டை குளிர்ப் பிரதேசத்து மோட்டார் சைக்கிள்காரனின் தேவை. பம்பாயில், அதுவும் மேடை விளக்குக்குக் கீழே, அது தேவை அல்ல, விரதம். அலகு குத்திக்கொள்பவனை நாம் கேலி செய்வதில்லை. பம்பாய் மே மாதத்தில் தோல்சட்டை போட்டவனுக்கும் அந்த மரியாதையில் கொஞ்சம் கொடுக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பாட்டுகளும் சட்டையைப் போலவே இருந்தன. நெடுஞ்சாலை, இரவு, கலகம், சுதந்திரம். எந்த நெடுஞ்சாலை, எதற்கு எதிரான கலகம் என்று கேட்டால் பதில் இருந்திருக்காது.

1991-ல் ஸ்டார் டி.வி.யின் வழியே எம்.டி.வி. ஆசியாவுக்கு வந்தது. 'டாப் ஆஃப் தி ராக்', 'ப்ரெட்டி சைல்ட்' போன்ற இவர்களது பாட்டுகள் திரையில் வந்தன. அதுவரை இவர்கள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உலகம் இவர்களைப் பார்க்கத் தொடங்கிற்று. அல்லது, பார்க்கிறது என்று இவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். விளைவு இரண்டுக்கும் ஒன்றே. 1993-ல் ராக் மெஷின் என்ற பெயர் இறங்கி இண்டஸ் க்ரீட் ஏறியது. தங்கள் இசை வளர்ந்துவிட்டது, பழைய பெயர் அதற்குப் பற்றவில்லை என்பது அவர்கள் தரப்பு. வாஸ்தவம்தான். ராக் மெஷின் என்று பெயர் வைத்துக்கொண்டு நாற்பது வயதைத் தாண்டுவது கடினம். ஆனால் புதிய பெயர் வளர்ச்சியை மட்டும் சொல்லவில்லை, விலாசத்தையும் சொல்கிறது. எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்தாயிற்று. பம்பாயில் இருப்பவனுக்கு இந்த விலாசம் தேவையில்லை. ஆகவே யாரோ வெளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்று ஆகிறது.

உள்ளே இந்திய ஒலிச் சாயல்களும் வந்து சேர்ந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1965-ல் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிஸன் 'நார்வீஜியன் வுட்' என்ற பாட்டில் சிதார் வாசித்தார். இங்கிருந்து லண்டனுக்குப் போன ஒலி, சுமார் முப்பது வருஷம் கழித்து, சுங்கம் கட்டி, பம்பாய் ராக்குக்குத் திரும்பி வந்தது. நம் வீட்டுக் குத்துவிளக்கை வெளிநாட்டுக்காரன் வரவேற்பறையில் பார்த்த பிறகு நாமும் பூஜையறையிலிருந்து எடுத்து வரவேற்பறையில் வைப்பதைப் போல.

பெயர் மாறிய பிறகு குழு நான்கு வருஷம்தான் ஓடிற்று. 1997-ல் கலைந்தது. பாடகர் உதய் பெனகலும் கிதார் வாசித்த ஜயேஷ் காந்தியும் நியூயார்க் போய் 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்று வேறு குழு அமைத்தார்கள். சாந்திக்கு ஓர் பிச்சை. அங்கிருந்து வந்த அவர்களது தொகுப்பின் பெயர் 'கஷ்மகஷ்'. மனப்போராட்டம் என்று கொள்ளலாம். பம்பாயில் இருந்தவரை தலைப்பு ஆங்கிலம். நியூயார்க் போனதும் தலைப்பு இந்துஸ்தானி. ஒருவனுக்குத் தாய்நாடு எவ்வளவு தேவை என்பது அவன் அதிலிருந்து எத்தனை மைல் தள்ளி இருக்கிறான் என்பதைப் பொறுத்தது போலும்.

இந்த இடத்தில் நம் விமர்சகர் எழுந்து நின்று தீர்ப்புச் சொல்வார்: முதல் கட்டம் நகல், இரண்டாம் கட்டம் சுயத்தைத் தேடும் பயணம். நானும் சில வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மேலதிகாரியிடம் சொல்லவும் செய்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேரை மாத்தினப்புறம் ஒரு காஸெட்டு வாங்கினேன் தம்பி. அதோட விட்டுட்டேன். அவனுங்க இந்தியன் ஆயிட்டானுங்க. அதுக்கு நம்ம ஊர்லயே நாயனம் இருக்கே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பம்பாயில் அவர் இருந்த அறையில் ஐந்து பேர். அலுவலகத்தில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. 'மதராஸி' என்பதுதான் பெயர். சொந்த ஊர்க்காரன் யாரையாவது பார்த்தால் அவன் இரண்டாவது கேள்வியில் எந்தத் தெரு என்பான். கேட்பது தெருவை அல்ல. ஒரு சனிக்கிழமை யாரோ கூப்பிட்டுப் போய், ரங் பவன் என்ற திறந்தவெளி அரங்கில் ராக் மெஷினைக் கேட்டிருக்கிறார். ஆங்கிலப் பாட்டில் பாதி புரியவில்லை. "அங்க யாரும் என்னை எந்த ஊருன்னு கேக்கல தம்பி. பாடினவனுக்கும் ஊரு இல்ல, கேட்டவனுக்கும் ஊரு இல்ல. ரெண்டு மணி நேரம்." அவ்வளவுதான் சொன்னார்.

என் தீர்ப்பு அன்றோடு ஆட்டம் கண்டது. நகல் என்று நான் முத்திரை குத்திய ஒன்று, ஊர் என்பதையே ஒரு விலங்காக அனுபவித்த ஒருவனுக்கு அசல் விடுதலையைத் தந்திருக்கிறது. எந்த ஊரும் இல்லாத அந்த நெடுஞ்சாலை, பாடியவர்களுக்குப் பாவனையாக இருந்திருக்கலாம்; கேட்ட இவருக்கு அப்படி இல்லை. நகல் என்பது படைப்பின் குணம் மட்டும்தானா? கேட்பவன் எங்கே நின்று கேட்கிறான் என்பதற்கு அதில் இடமே கிடையாதா? வேர், வேர் என்று நாம் கூவும்போது, வேரில் சங்கிலியும் சுற்றியிருக்கிறது என்பதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்?

உடையைப் பற்றியும் இதே திருத்தம் வேண்டும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித் தொடங்கி, தென்மா இசையமைத்த குழு. பெயர், அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. கானாவும் பறையும் ராக் கிதாரும் ஒரே மேடையில். பாடியவர்கள் கோட்டு அணிந்திருந்தார்கள். சென்னையில் கோட்டு என்பது பம்பாயில் தோல்சட்டை போலத்தான். சீதோஷ்ணத்தைக் கேட்டால் இரண்டும் தவறு. ஆனால் அம்பேத்கர் கோட்டு அணிந்தது குளிருக்காக அல்ல என்பது தெரிந்தவனுக்கு அந்த மேடையில் கோட்டு ஒரு வாக்கியம். வேட்டி கட்டி வந்திருந்தால் 'மண்ணின் மணம்' என்று பத்திரிகைகள் எழுதியிருக்கும், வாக்கியம் காணாமல் போயிருக்கும். எனவே, வந்த இடத்தை வைத்து உடையை எடை போட முடியாது. அந்த உடை இன்னாருக்கு மறுக்கப்பட்டதா, இன்னாரால் வாங்கி மாட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். ராக் மெஷினின் தோல்சட்டையை யாரும் அவர்களுக்கு மறுத்ததில்லை. அதனால்தான் அது கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கிறது.

இளையராஜா 1986-ல் தன் வாத்திய இசைத் தொகுப்பு ஒன்றுக்கு 'ஹௌ டு நேம் இட்?' என்று பெயர் வைத்தார். தியாகராஜரையும் பாக்கையும் வணங்கிச் செய்த இசை. இசை கையில் இருக்கிறது, பெயர்தான் அகப்படவில்லை. அதனால் கேள்வியையே பெயராக்கிவிட்டார். பம்பாய்க்காரர்களுக்குப் பெயர் முதலில் கிடைத்துவிட்டது, அதற்குத் தகுந்த இசையைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நம் கவிதை இயக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. லேபிள் அச்சாகிவிடும், பாட்டிலுக்குள் ஊற்ற என்ன என்று அப்புறம் யோசிப்போம்.

இது மற்றவர்களைப் பற்றி என்று நினைக்க வேண்டாம். கல்லூரியில் நான் எழுதிய கவிதைகளில் பனிமூட்டம் இருந்தது. அரியலூரில் பனிமூட்டம் என்று பார்த்தது சிமெண்ட் தூசியைத்தான். மஞ்சள் விளக்கெரியும் தெருக்களில் தனியே நடந்தேன். எங்கள் தெருவில் தனியே நடந்தால் மூன்று பேர் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். இது என் தோல்சட்டைக் காலம். பிறகு மூத்த கவிஞர் ஒருவர், "உன் மண்ணை எழுது" என்று கடிதம் போட்டார். எழுதினேன். கேழ்வரகுக் கூழ், ஏர்க்கால், பாட்டியின் சுருக்குப்பை, வறண்ட ஏரி எல்லாம் வரிசையாக வந்தன. கவிதைகள் பாராட்டுப் பெற்றன. என் சிந்துநதிக் காலம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கணக்கு எழுதியவர். பத்திரிகையைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"நம்ம வீட்ல எப்படா கூழு குடிச்சோம்? உங்கம்மா இட்லிதானே அவிச்சா?"

பதில் சொல்ல வாயில்லை. பனிமூட்டம் பொய் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. கூழ் பொய் என்பது தெரியவில்லை, அதுதான் அபாயம். முதல் பாவனையில் நான் இன்னொருவனாக இருக்க ஆசைப்பட்டேன். இரண்டாவதில், நான் எப்படி இருக்க வேண்டுமென்று இன்னொருவன் ஆசைப்பட்டானோ அப்படி இருந்தேன். இரண்டில் எது கேவலம் என்று கேட்டால், கொஞ்சம் தயங்கி, இரண்டாவதைச் சொல்வேன். இட்லியையும் கணக்குப் பேரேட்டையும் பற்றி நான் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. அதில் மண்வாசனை வராது என்ற பயம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டு சொன்னது. ஏறக்குறைய 12 கோடி வருஷத்து மரம் என்கிறார்கள். எங்கள் இரண்டு மாவட்டங்களும் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை. சுண்ணாம்புக்கல்லும் அதைத் தின்னும் சிமெண்ட் ஆலைகளும் அந்தக் கடல் விட்டுப்போன சொத்து. வண்டலில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்த மணற்சத்து நுழைந்து, அணு அணுவாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் மரத்தின் உருவம் அப்படியே இருக்கும், மரம் இருக்காது. தொட்டால் கல்.

நாம் சொல்லும் 'அடையாளம்' பல சமயம் இந்தச் சாத்தனூர் மரம்தான். தோற்றம் துளி மாறவில்லை என்று பெருமைப்படுகிறோம். உயிர் போய்ப் பல நாளாயிற்று என்பதைக் கவனிப்பதில்லை. உயிரோடிருக்கும் மரம் வருஷா வருஷம் இலையை உதிர்த்துப் பட்டையை உரித்துப் பார்க்கச் சகிக்காமல் நிற்கும். இதற்காகவே அந்தப் பம்பாய்க்காரர்களின் மேல் எனக்கு மரியாதை. நான்கு தொகுப்புகளில் நான்கு முறை அசட்டுத்தனம் செய்தார்கள். கல்லாகவில்லை.

2010-ல் குழு மறுபடி சேர்ந்தது. பழைய ஆட்களில் உதய் பெனகல், மகேஷ் தினாய்க்கர், ஜுபின் பலபோரியா மூவர். பாஸ் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் புதிய இளைஞர்கள். 'இவால்வ்' வெளிவந்தபோது முந்தைய தொகுப்புக்கும் அதற்கும் இடையே பதினேழு வருஷம். எட்டே பாட்டுகள். படங்களில் முடி குறைந்திருக்கிறது. அதற்குக் கொள்கை காரணமல்ல, வயது. சிந்துநதியை நினைவூட்டும் பிரயத்தனமும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை. நடுவயது ஆண்கள் சிலர், தங்களுக்குத் தெரிந்த வேலையை அவசரமில்லாமல் செய்கிறார்கள். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இசை. பெரிய இசை என்று சொல்ல மாட்டேன். நான்கில் இதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

இதைக் கேட்டபின் 1988-க்குத் திரும்பிப் போனபோது ஒன்று தட்டுப்பட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், பல்லவியில் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்து அமர்கிற விதம், கிதார் ஒரு மெட்டை முடிக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கிற விதம், 2012-லும் அப்படியே இருக்கிறது. சட்டையோ பெயரோ ஊரோ அதைத் தொடவில்லை. ஒருவன் தன் நகலில் செய்கிற தவறுகளில்தான் அவன் அகப்படுகிறான் என்று தோன்றுகிறது. அச்சு அசலாக வாசிக்க முடியாமல் போன அந்த மிச்சம்தான் அவனுடையது. நம் விமர்சகர்கள் கவிதையில் அதைத் தேடினால் தேவலை. கூழ் இருக்கிறதா, பனிமூட்டம் இருக்கிறதா என்று பட்டியல் எடுப்பது சரக்கு இருப்புக் கணக்கு. அதை நாங்கள் வங்கியிலேயே செய்கிறோம்.

போன மாதம் கவுன்ட்டருக்கு ஒரு கிழவி வந்தாள். ஜெயங்கொண்டம் பக்கம். பாஸ் புத்தகத்தில் பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். ஒன்றில் பெரம்பலூர் மாவட்டம், மற்றதில் அரியலூர். வங்கியின் பெயரும் பாஸ் புத்தகத்தில் பழையது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன். விதி அப்படி. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, என் முன்னால் நீட்டினாள்.

"பேர எவன் எப்படி எழுதினா எனக்கென்ன தம்பி. ரேகை என்னுதுதானே?"

விதிப்படி அது செல்லாது. திருப்பி அனுப்பிவிட்டேன். அன்று மாலை பஸ்ஸில் பெரம்பலூர் வரும்வரை என் விரலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.